எட்டுப் பேர், 544 கிலோ

லிஃப்டுக்குள் தகட்டில் எழுதியிருக்கும்:
எட்டுப் பேர், 544 கிலோ.
வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு அறுபத்தெட்டு.
நான் ஐம்பத்து நாலு.
பதினேழு வருஷமாக எந்தப் பெட்டியில் ஏறினாலும்
யாருக்கோ பதினாலு கிலோ மிச்சம் வைத்து நிற்கிறவன்.

குழிக்குள் இறங்கக் கம்பெனியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
சுவருக்கும் எதிர் எடைக்கும் நடுவே ஒரு முழம்.
"தணிகாசலத்த வுடு, பல்லி மாதிரி பூந்துடுவான்."

ஒல்லிப்பிச்சான் என்று பெயர் வைத்தது ஓட்டேரி.
ரேஷன் வரிசையில், கல்யாணப் பந்தியில்,
"இன்னாபா, வூட்ல சோறு போடலியா?"
போட்டார்கள்.
வீடு போடாததை வேலை போட்டது.
மூணு ஸ்பூன் சர்க்கரையோடு ஆறு டீ,
மோட்டார் ரூம் சூட்டுக்குக் கலர்,
ராத்திரி பதினோரு மணிக்கு ஆறிப்போன பரோட்டா.
எங்கடா போவுது அதெல்லாம் என்பான் ஏகாம்பரம் அண்ணன்
தன் தொப்பையைத் தட்டிக்கொண்டே.
நானும் சிரிப்பேன். எனக்கும் தெரியாது.

தங்கச்சி கோமளாவுக்குக் கண் மஞ்சளித்து
வயிறு நீர் கோத்தது.
பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா
"உறவுல யாராவது ஈரல்ல பாதி..." என்று ஆரம்பித்ததுமே
வீடு மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.
அண்ணன் தொண்ணூற்றாறு கிலோ.
அவனை யாரும் பார்க்கவில்லை.
அம்மா என் கன்னத்தைத் தொட்டாள்:
"கொழுப்பில்லாத ஒடம்பு, சுத்தமான ஒடம்பு."
எதிர்த்துப் பேசினால் "கொழுப்புடா உனக்கு" என்று
முதுகில் ஒன்று வைத்த அதே கை.

ஸ்கேன் அறை. குளிர்ந்த பசை.
என் விலா எலும்புகள் மேல் கருவியை உருட்டிக்கொண்டு போன பெண்
ஓரிடத்தில் நின்றாள். போனாள். திரும்பி வந்து நின்றாள்.
"மூச்சை இழுத்துப் பிடிங்க."
பிடித்தேன்.
போகி காலையில் வியாசர்பாடிப் பாலம் மாதிரி
திரை முழுக்க வெள்ளைப் புகை.
விடச் சொல்ல அவள் மறந்துவிட்டாள்.

அப்புறம் பெரிய குழாய்க்குள் படுக்கவைத்து எடுத்ததில்
நூற்றுக்கு இருபத்தாறு.
என்ன மேடம் இருபத்தாறு?
கொழுப்பு.
"ஆள் மாறிப்போச்சு மேடம், அண்ணன் பேரு ஏகாம்பரம்."
குடிப்பீங்களா என்று கேட்டார்.
ஆயுத பூஜைக்குக்கூட இல்லை.
டேப்பை எடுத்து என் இடுப்பைச் சுற்றினார்.
"சில ஒடம்பு வெளிய காட்டாது.
உள்ள வெச்சுக்கும்."
சின்ன வயசிலிருந்து வாங்கிய திட்டு
கடைசியில் சீட்டில் அச்சாகி வந்தது.

அவளுக்கு எட்டு வாரம் தாங்கலாம்.
அதற்குள் நான் மூணு கிலோ குறையணும்.
ஐம்பத்து நாலிலிருந்தா?
ஆமாம்.

பெரும்பாக்கத்தில் பதினாலு மாடி.
பழுது பார்த்த லிஃப்டைக் காலியாக மேலே அனுப்பிவிட்டு
பின்னாலேயே படியேறுகிறேன்.
எட்டாவது மாடியில் துணி உலர்த்துகிறவள் கேட்கிறாள்
"இன்னும் ரிப்பேரா?"
"ஓடுதும்மா, நீங்க போங்க."
முட்டி கேட்கிறது, எனக்கு ஏன்டா இந்த வேலை.

டீக்கடை பாஷா சர்க்கரை போடாத கிளாஸை நீட்டும்போது
இழவு வீட்டுக் குரலில் "சுகரா?" என்றார்.
ஈரல்ல கொழுப்பு என்றேன்.
"உனக்கா!" என்று சிரித்ததில்
ரெண்டு பேர் டீ தளும்பியது.

அண்ணனும் யாருக்கும் சொல்லாமல் டெஸ்ட் எடுத்திருக்கிறான்.
பர்ஸில் நாலாய் மடித்த காகிதம் பார்த்தேன்.
அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
இரண்டு நாளாக அவன் தொப்பையைத் தட்டுவதில்லை.

நேற்று வார்டில் கோமளா கேட்டாள்,
"எவ்ளோண்ணா?"
"அம்பத்து ரெண்டரை."
ஊசி குத்திக் கறுத்த கையை நீட்டி
என் வலது விலாவுக்குக் கீழே,
கதவைத் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு.

"உள்ள நிக்கிறவன எறங்கச் சொல்லு.
நான் ஏறணும்."