ஏழாம் ஷரத்து

ஏழாம் ஷரத்தைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.
முப்பத்தாறு மாதம் முடியுமுன் ஊரைவிட்டுப் போனால்
மிச்ச மாதங்களுக்கான தொகையைப்
பல் மருத்துவர் நகராட்சிக்குத் திருப்பித் தர வேண்டும்.
திருத்தம் இல்லாமல் நிறைவேறியது.
கை தூக்கிய ஐந்து பேரில்
இரண்டு பேருக்குக் கடைவாய்ப் பல் கிடையாது.

சஸ்காட்சுவானின் வடமேற்கில்
தானியக் கிடங்கின் சுவரில் மட்டும்
பெயர் பெரிதாக எழுதப்பட்ட ஊர் எங்களுடையது.
அடுத்த பல் நாற்காலி இருநூற்றுப் பத்து கிலோமீட்டர்,
அதில் எண்பது சரளை.
ஆர்னி க்ளாஸன் தன் பல்லைத்
தூண்டில்முள் கழற்றும் குறட்டால் தானே பிடுங்கி
காப்பிக் குவளையில் போட்டு
மன்றக் கூட்டத்துக்கு எடுத்து வந்தார்.
மேசையில் வைத்தார். ஒன்றும் பேசவில்லை.
அதற்குப் பிறகுதான் நாங்கள் பணம் பேசினோம்.

கர்லிங் அரங்கின் கூரைக்கென்று
பதினோரு வருடம் சேர்த்தது:
ஒரு லட்சத்து எட்டாயிரம் டாலர்.
மாதத்துக்கு மூவாயிரம் என்று வகுத்தேன்.
நாளுக்கு ஏறக்குறைய நூறு.
ஒரு மனுஷியை நாளுக்கு நூறு என்று
காகிதத்தில் பார்க்கக் கூச்சமாக இருந்தது,
அந்த வரியை மட்டும் அழித்துவிட்டேன்.

சொலாஞ்ச் திபோடோ வந்தார்,
நியூ பிரன்ஸ்விக்கிலிருந்து,
பின்னிருக்கை முழுக்கப் பூச்சட்டிகளோடு.
வரவேற்பு விருந்தில் யாரோ
எங்கள் ஊரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்க,
"இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் படிப்புக் கடன்" என்றார்
முட்டைக்கோஸ் உருண்டையைக் கத்தியால் அறுத்தபடி.
சிலருக்கு முகம் சுருங்கியது.
எனக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று.

பிறகு,
ஐஸ் ஹாக்கியில் பல் தெறித்த க்ராபோவிட்ஸ் பையனுக்கு
இரவு உடையின் மேல் கோட்டு மாட்டி ஓடிவந்து
பாலில் கிடந்த பல்லைத் திரும்ப நட்டார்.
வியாழன்தோறும்
ஏரிக்கு அப்பால் க்ரீ மக்களின் குடியிருப்புக்கு
கருவிப்பெட்டியோடு தானே வண்டி ஓட்டினார்.
வியாழக்கிழமை ஒப்பந்தத்தில் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.
முதல் குளிர்காலத்தில் பூச்சட்டிகள் செத்தன.
இரண்டாம் குளிர்காலத்தில்
அவர் வீட்டு வாசலில் பனி தள்ள
முறைவைத்துப் போனோம்.
மூன்றாவதில் முறை தவறியது,
எல்லோரும் மற்றவர் தள்ளியிருப்பார் என்று நினைத்தோம்.

முப்பத்தோராம் மாதம் அலுவலகத்துக்கு வந்தார்.
காரணம் சொல்ல வேண்டும் என்று ஷரத்து எதுவுமில்லை.
சொல்லவுமில்லை.
ஐந்து மாதம், பதினைந்தாயிரம்;
காசோலையை ஏற்கெனவே எழுதியிருந்தார்.
எங்கள் ஊர்க் கடன் சங்கத்தின் காசோலை.
அங்கே என் அண்ணன் மகள் வேலை பார்க்கிறாள்,
எனக்குத் தெரியும்:
அந்தப் பணமும் கடன்.
கடனை அடைக்க வந்தவர்
போவதற்கு ஒரு கடன் வாங்கியிருந்தார்.

ரசீது கொடுத்தேன். வேறென்ன செய்ய?
முத்திரை சரியாக விழவில்லை.
இன்னொரு முறை குத்தினேன்.
"வேரா, உங்கள் தற்காலிகக் கிரீடம்
மூன்று வாரத்துக்கு மேல் தாங்காது,
சாஸ்கட்டூனில் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்,
கதவில் நின்றபடி.

அது நாலு மாதத்துக்கு முன்பு.
அரங்கின் கூரை ஒழுகுகிறது,
பனிக்கட்டித் தளத்தில் அதே இடத்தில் ஒரு மேடு.
மேயர் புது விளம்பரம் கேட்கிறார்.
ஒன்றரை லட்சம் போடச் சொல்கிறார்,
கிடைத்த பதினைந்தாயிரத்தையும் சேர்த்து.
மிச்சம் எங்கிருந்து என்று கேட்டதற்கு
நீ முதலில் அடி, வேரா, என்கிறார்.
ஏரிக்கு அப்பாலிருந்து ஒரு பெண்
வாராவாரம் தொலைபேசியில் கேட்கிறாள்,
இந்த வியாழன் டாக்டர் வருவாரா என்று.
மூன்று முறை விளக்கிவிட்டேன்.
நேற்று, "இந்த வியாழன் இல்லை" என்று மட்டும் சொன்னேன்.

ஏழாம் ஷரத்துக்கு வந்து நிற்கிறேன்.
முப்பத்தாறா, அறுபதா,
மாதங்களின் இடத்தை வெறுமையாக விட்டு
ரொட்டியை இடப்பக்கமாக மெல்லுகிறேன்.