ஆயிரத்தில் ஒரு பங்கு

கேமரா கல்யாண ஸ்டூடியோவுடையது.
ஞாயிறு முகூர்த்தத்துக்கு முன் வந்துவிட வேண்டும் என்று
பேட்டரி மூடிக்கு ரப்பர் பேண்ட் மாட்டிக் கொடுத்தார் மோனச்சன்.
கார்டில் யாரோ ஒரு மணப்பெண்
பாதித் தலைகுனிவில் நின்றிருந்தாள்.
அவளுக்கு அடுத்த எண்ணிலிருந்து
என் பத்திரிகை வாழ்க்கை.

கொழிஞ்சாம்பாறை மைதானத்தில் புல் கிடையாது.
கணவாய்க் காற்று செம்மண்ணை அள்ளி
லென்ஸில் அறையும்.
திங்கள், உயரம் தாண்டுதல்.
எழுபத்து மூன்று படம் எடுத்தேன்.
கம்பி.
கம்பியும் வானமும்.
கம்பி, வானம், ஒரு குதிகால்.
மெத்தையில் எழுந்து உட்கார்ந்துவிட்ட ஒருவன்
சட்டையை உதறுகிறான்.

பார்த்த பிறகு அழுத்தினால்
பார்த்தது போயிருக்கும்.
யாரும் சொல்லித் தரவில்லை,
கம்பிதான் சொன்னது, எழுபத்து மூன்று முறை.

செவ்வாய், சாலை மறியல்.
கன்செஷன் பிள்ளைகளைக் கண்டால் நிற்காத பஸ்களை
பாலக்காட்டு ரோட்டில் உட்கார்ந்து நிறுத்தினோம்.
நிறுத்தினார்கள் என்றுதான் எழுத வேண்டும்,
நான் நின்றுகொண்டிருந்தேன்.
'டேய், நீ கோஷமா போட்டோவா?'
தரையிலிருந்து கேட்டான் மிதுன்ராஜ்.
கன்செஷன் கார்டு என் பையிலும் இருந்தது.
ஆனால் இரண்டு கையும் கேமராவில்.
முஷ்டி உயர்த்த மூன்றாவது கை இல்லை.

நின்ற பஸ்ஸில், மடியில் தக்காளிக் கூடையோடு ஒருத்தி
என்னைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள்,
ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டாள்.
என் ஷட்டரைவிட அது வேகம்.

புதன், நான்கு பேர் தொடர் ஓட்டம்.
கடைசிக் கைமாற்றில், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே,
முழங்கால் ஊன்றிக் காத்திருந்தேன்.
ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி.
ஜிஷ்ணா பாய்ந்து வருகிறாள்,
ஷம்லா பின்னால் கை நீட்டுகிறாள்.
அழுத்தினேன்,
முதல்முறையாக, பார்ப்பதற்கு முன்.

படம் கிடைத்தது.
பேட்டன் விழுந்தது.

'இதான் படம்' என்றான் விபின்தாஸ்,
மலையாளம் எம்.ஏ., கல்லூரிச் செய்தித்தாளின் ஆசிரியன்.
ஜெயித்த அணியைத் தபால்தலை ஆக்கி
உள்பக்கத்தில் ஒட்டினான்.
முதல் பக்கத்தில் ஷம்லாவின் திறந்த கை, திறந்த வாய்.
கீழே மலையாள எழுத்தில் என் பெயர்: பொழிலன்.
அப்பாவின் தேங்காய் லோடு
வேலந்தாவளம் சாவடியில் மூன்று மணி நேரம் நிற்கும்.
ழகரம் நிற்காமல் வந்திருந்தது.

பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
அப்புறம்தான் அந்த வாயைப் பார்த்தேன்.
வெள்ளி முழுக்க கேன்டீன் பக்கம் போகவில்லை.

சனிக்கிழமை, கேமராவைத் திருப்பித் தரப் போகையில்
பஸ் ஸ்டாப்பில் பிடித்துவிட்டாள்.
வாங்கிக்கட்டத் தயாரானேன்.
'பேப்பர்ல வெட்டிட்டாங்க. முழுசு இருக்கா?
முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு?'

சின்னத் திரையில் பெரிதாக்கினாள்,
பெரிதாக்கினாள்,
கை கட்டம் கட்டமாய் உடையும்வரை.
ஜிஷ்ணாவின் விரல்கள் விட்டிருந்தன.
ஷம்லாவின் விரல்கள் தொட்டிருக்கவில்லை.
நடுவில் பேட்டன், யாருடையதும் இல்லாமல்,
காற்றில் சாவகாசமாகப் படுத்திருந்தது.

'என் கட்டைவிரலப் பாருங்க, மூடியிருக்கு.
மூணு நாளா அவகூடப் பேசல நான்.'

பின்னுக்கு, இன்னும் பின்னுக்கு என்று அழுத்தியதில்
மணப்பெண் வந்துவிட்டாள்.
'இது யாரு?'
'தெரியாது. எனக்கு முன்னாடி இருந்தவங்க.'

பஸ் வந்தது.
எங்களைப் பார்த்தது, நிற்கவில்லை.
ஓடினோம். அவள் ஓடினாள், நான் பின்னால் வந்தேன்.
நெஞ்சில் மோதி மோதி ரப்பர் பேண்ட் அறுந்தது.
படிக்கட்டில் தாவி ஏறியவள்
திரும்பாமலே பின்னால் கை நீட்டினாள்,
கட்டைவிரலை நன்றாக விரித்து.

ஒரு கையால் பேட்டரி மூடியைப் பொத்திக்கொண்டிருந்தேன்.
இன்னொரு கை இருந்தது.