மேலெல்லை

வடக்கே இட்டேரி.
கிழக்கே ஓடைப் புறம்போக்கு.
தெற்கே, எனக்கு முன்னால் இருந்தவர்
புலப்படத்தில் ஏற்ற மறந்த ஒரு வண்டித்தடம்.
மேற்கே கிளுவை வேலி, வேலிக்கு அப்பால் ஊதியூர் மலை.
இதற்குள் அடங்கியது
நாலு ஏக்கர் முப்பது சென்ட் கொறங்காடு,
பதினேழு வெள்ளைவேல மரம், கொழுக்கட்டைப் புல்,
இன்று விடிகாலை முதல்
கறுப்பாக ஓர் உருண்டை.

குறுக்களவு மூணேகால் அடி.
டேப்பின் மறுமுனையை மாகாளி
முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தார்.
உடம்பெல்லாம் இழைமேல் இழையாய்ச் சுற்றிய நூல்;
வெள்ளகோவில் தறிக்காரர் பார்த்தால்
எந்த மில்லு கோனுங்க என்பார்.
ஓரிடம் மட்டும் கருகவில்லை. அங்கே
எழுத்தா எண்ணா என்று தெரியாத ஐந்து குறிகள்.
பார்த்து எழுதிக்கொண்டேன்.

உருண்டைக்கு அடியில்
பட்டியின் மூலை. பட்டியின் மூலையில்
கொழந்தசாமியின் செனை ஆடு.
உயிரிழப்பு: ஒன்று.
"ரெண்டுங்க அம்மிணி" என்றார்.

பதினோரு மணிக்குச் சூலூரிலிருந்து ரெண்டு ஜீப்.
முதலில் இறங்கியவர்
நான் எழுதிய ஐந்து குறிகளின்மேல்
என் பேனாவாலேயே கோடு போட்டார்.
உருண்டையில் இருந்த ஐந்துக்கும்
டேப் ஒட்டினார்கள், காயத்துக்குப் போல.

பெங்களூர்க்காரப் பையன் ஒருவன்தான்
தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேசினான்.
ராக்கெட்டின் வயிற்றில் இருந்த டேங்க், மேடம்.
செய்தது ஒரு நாட்டுக் கம்பெனி.
ஏவியது இன்னொரு நாட்டு மண்ணிலிருந்து.
சுமந்து போனது மூன்றாம் நாட்டுச் செயற்கைக்கோளை.
கம்பெனியே போன மாசம் கைமாறிவிட்டது.
தனியார் அனுப்பினாலும் ஏவிய நாடுதான்
ஆட்டுக்குப் பதில் சொல்லணும்; சட்டம் அப்படி.
எது ஏவிய நாடு என்பதில்தான் இழுபறி.

எனக்கு விளங்கியது.
மேலே இருந்தவரை நாலு பங்காளி.
கீழே விழுந்ததும் புறம்போக்கு.

தானா விழுந்துச்சா தம்பி, யாராச்சும் அடிச்சாங்களா?
மூன்று வாரம் முன்பு ஒரு நாடு
தன் பழைய செயற்கைக்கோளைத் தானே சுட்டு
கைவரிசை காட்டியதைப் பேப்பரில் படித்திருந்தேன்.
அவன் ஜீப்பைப் பார்த்தான்.
அப்புறம் மலையைப் பார்த்தான்.
"நல்ல காத்துங்க இங்க."

சாயங்காலம் தாசில்தார் போனில்:
நிவாரணப் படிவத்தில் எந்தக் கலம்?
வெள்ளம் இருக்கிறது. தீ இருக்கிறது. இடி இருக்கிறது.
இடின்னு போட்டுருங்கம்மா, ஒரு மாசத்துல பணம் வந்துரும்;
உள்ளதை எழுதினா ஃபைல் டெல்லி போகும்,
டெல்லியிலிருந்து எங்க போகுமோ.
மாகாளியும் சொன்னார், சத்தம் இடி மாதிரிதானுங்க.

பத்தொன்பது வருஷச் சர்வீஸில்
இல்லாத கிணற்றுக்குக் கையெழுத்துப் போட்டதில்லை நான்.
மேகமே இல்லாத மாசியில்
இடி என்று எழுதினேன்.
எழுத்து நன்றாக வந்தது.
எண்ணிக்கையில் ஒன்றை அடித்து ரெண்டாக்கி
திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் இட்டேன்.

லாரி போனபின் பள்ளம் மட்டும்.
நாலெல்லையும் இருந்த இடத்தில் இருந்தன,
கிளுவை ஒரு குச்சி சாயவில்லை.

கொழந்தசாமி படலைத் தோளில் சாய்த்துக்கொண்டு
வெகுநேரம் நின்றார்.
நாய் வந்தா வேலி இருக்குது,
திருடன் வந்தா நாய் இருக்குது, அம்மிணி.
அண்ணாந்து பார்க்கவே இல்லை அவர்;
தரையையே பார்த்துக் கேட்டார்:
இன்னிக்கி ராத்திரிக்குப்
பட்டியை எங்கீங்க போடறது?