காலியாக விட முடியாத கட்டம்

ஜாலான் ஈப்போவில் ஒரு லிஃப்ட் கம்பெனி.
இரண்டாவது மாடி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.
முதலாளி லியூ கோப்பிக்கடை ரசீதின் பின்பக்கம்
கட்டம் கட்டமாக வரைந்து தந்தார்.

முதல் குழுவில் சலீனாவும் மெய் ஃபோங்கும்,
இரண்டு மேசையிலும் ஒன்றாக அடிக்கட்டும், இருபது விநாடி.
எடுக்காவிட்டால் இரண்டாம் குழு:
ஃபவுசி, அவர் இல்லையென்றால் கோபிநாதன்,
அவரும் இல்லையென்றால் அந்தப் புதுப் பையன்,
ஒருவர் விட்டு ஒருவராக.
யாருமே இல்லையா, வாசல் ஜாகாவுக்குப் போகட்டும்.

"ஜாகாவும் எடுக்காவிட்டால்?"
லியூ சிரித்தார்.
"எடுப்பான்லா."

பெட்டிக்கு அந்தச் சிரிப்பு விளங்காது.
கடைசிப் போக்கிடம் என்று அதில் ஒரு கட்டம் உண்டு.
காலியாக விட்டால் சேமிக்காது,
சிவப்பில் முறைக்கும்.
சோதனைக்கு என் கைப்பேசி எண்ணைப் போட்டேன்.
அடித்தது. சரி.
பில்லில் கையெழுத்து வாங்கினேன்,
கீழே இறங்கி தே தாரேக் குடித்தேன்,
எண்ணை எடுக்க மறந்தேன்

பதினொரு மாதம்.

கெப்போங்கில் என் அறை. விடியற்காலை இரண்டு நாற்பது.
"ஹலோ, லிஃப்ட்டா?"
என்னை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.
இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன்,
அதற்குள் மலாயில் அந்தக் குரல் சொல்லிவிட்டது:
செந்தூல் அடுக்குமாடி,
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்,
விளக்கு எரிகிறது, காற்றாடி இல்லை.
ஐயோ என்றேன்.
அந்த ஐயோவைப் பிடித்துக்கொண்டு தமிழுக்கு வந்தார்.
பெயர் லூர்துராஜ். கிள்ளானில் ஒரு கல்யாணத்தில்
கீபோர்டு வாசித்துவிட்டு வருகிறார்.

வீட்டுப் போனில் கோபிநாதனின் மனைவியை எழுப்பினேன்,
அவர் கோபிநாதனை எழுப்பினார்.
கம்பெனி போன் வேனில் கிடக்கிறதாம்,
வேன் ரவாங்கில்.
"நாற்பது நிமிஷம் ஆகுங்க. வச்சிரட்டுமா?"
"வேணாம் தங்கச்சி."

பிறகு கொஞ்ச நேரம் இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

"நீங்க எடுக்கறதுக்கு முன்னால
ஒரு டியூன் போட்டீங்களே, மூணு தடவை கேட்டேன்.
மூணு தடவையும் ஒரே எடத்துல அறுந்து
திரும்ப மொதல்லேர்ந்து வருது."
அது பெட்டியோடு வருவது, முப்பது விநாடிக் கோப்பு,
அவ்வளவுதான் இடம் என்றேன்.

ஜிப் திறக்கிற சத்தம்.
பேட்டரி மிச்சமிருந்தது போல.
வாசித்தார். அதே டியூன், கொஞ்சம் நிதானமாக.
அறுகிற இடம் வந்தது.
அவர் நிற்கவில்லை. இரண்டு படி கீழே இறங்கி,
ஒரு வளைவு வளைந்து,
சட்ஜத்தில் போய் உட்கார்ந்தது.

நாற்பது அலுவலகங்களில் மாட்டியிருக்கிறேன் அந்த டியூனை.
பல் கிளினிக், டயர்க் கடை, ஒரு சவப்பெட்டிக் கம்பெனி.
அதற்கு முடிவு உண்டென்று யோசித்ததே இல்லை.
"நீங்களா சேத்ததா அது?"
"வேற எப்படிங்க முடியும்?" என்றார்.

மூன்று முப்பத்தொன்றுக்கு இரும்பு முனகியது.
யாரோ "கையக் குடுங்கண்ணே" என்றார்கள்.
லைன் கட்டானது.

மறுநாள் போய்ப் பார்த்தேன்.
ஜாகா கூண்டில் போனின் பிளக்கைக் கழற்றிவிட்டு
தண்ணீர்க் கெத்தலை மாட்டியிருந்தார்கள்.
இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு மைலோ வேண்டாமா?
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நான்கு துளை நீட்டிப்பு வயர் ஒன்று வாங்கி மாட்டினேன்.
இரண்டாம் குழுவில் கோபிநாதனின் வீட்டு எண்ணையும் சேர்த்தேன்,
அவர் மனைவியிடம் கேட்டுக்கொண்டு.

மேலே, திரையில், கடைசிக் கட்டம்.
என் எண் அப்படியே இருந்தது.
"எல்லாம் சரியாச்சா?" லியூ தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.
"ஆச்சு."

பில்: நீட்டிப்பு வயர் ஒன்று, பதினெட்டு ரிங்கிட்.
வேறு எதுவும் எழுதவில்லை.