கீழே ஓடும் எழுத்து

அறுபத்தோரு நாள் தடை.
படகைத் தங்கச்சிமடம் கரையில் ஏற்றிப் பெயிண்ட் அடித்தாயிற்று,
வலையும் பொத்தியாயிற்று.
ரெமிஜியஸ் மகன் கத்தாரிலிருந்து கொண்டுவந்த
ஹார்ட் டிஸ்கில் நாற்பது படம்.
ஒன்றிலும் தெரிந்த முகம் கிடையாது.
"பாருங்க மாமா, பொழுது போகும்" என்றான்.
போகவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

முதலில் ஜப்பான்.
ஒரு தகப்பன், ஒரு மகள், ஒரு ரயில் நிலையம்.
பதினோரு நிமிஷம் யாரும் பேசவில்லை.
சத்தம் போய்விட்டதென்று ஸ்பீக்கரைத் தட்டினேன்.
அப்போது ஒரு குடை விரிகிற சத்தம் கேட்டது.
தட்டியதற்கு வெட்கமாக இருந்தது.

பிரான்ஸ் படத்தில் சாப்பிடுகிறார்கள்.
சாப்பிட்டுக்கொண்டே பிரிகிறார்கள்,
சாப்பிட்டுக்கொண்டே சேர்கிறார்கள்.
செலஸ்டினா நண்டுக் கம்பெனியிலிருந்து வந்து
விரலில் ஓடு கீறிய இடத்துக்கு மஞ்சள் வைத்தபடி
கால்வாசி பார்த்தாள்:
"இம்புட்டுத் தட்டையும் யாரு கழுவுறது?"
இதைவிட நல்ல விமர்சனம் எனக்குச் சொல்ல வராது.

நார்வேக்காரர்களுக்குக் கடல் தெரியும்,
காட்டத்தான் தெரியவில்லை.
புயலில் ஸ்டியரிங் பிடித்தவன்
காதலியை நினைத்து அழுகிறான்,
ஒரு கையால் கண்ணைத் துடைக்கிறான்.
கச்சான் ஏறி அடிக்கும்போது
கையை எடுத்துப் பார்க்கட்டும்.
மற்றபடி அந்த ஊரில் ஐஸ் சும்மா கிடக்கிறது, மலை மலையாக.
ஒரு பார் ஐஸ் நாங்கள் வாங்குகிற விலைக்கு
பார்க்கவே வயிறு எரிந்தது.

ஈரானில், பக்கத்து வீட்டுக்காரன்
ஓரடி தள்ளிச் சுவர் வைத்துவிட்டான். அதுதான் மொத்தப் படமும்.
கடைசியில் சுவரும் அப்படியே, வழக்கும் அப்படியே.
முடிவில்லாமல் என்ன படம் என்று ரெமிஜியஸுக்குக் கோபம்.
என் சித்தப்பா கேஸ் முப்பது வருஷமாக அப்படித்தான் இருக்கிறது,
ராமநாதபுரம் கோர்ட்டில்.

பிரேசில்: தூங்கிவிட்டேன்.
நல்ல தூக்கம். குறை சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றிலும் கீழே எழுத்து ஓடுகிறது,
என் பத்தாம் வகுப்பு இங்கிலீஷைவிட வேகமாக.
அதைப் படித்தால் முகம் போய்விடுகிறது,
முகத்தைப் பார்த்தால் கதை.

ஒரு ராத்திரி பேர் பார்க்காமல் ஒன்றைத் திறந்தேன்.
மணல். பனை. ஃபைபர் படகு.
ஒரு ஆள் திரும்பி
"தண்ணி கொண்டு வா பிள்ளை" என்றான்.
எழுத்து அப்போதும் ஓடியது.
நான் படிக்கவில்லை.

அக்கரை.
எங்கள் மாதாவேதான் அவர்கள் கோவிலிலும், அதே நீலத் துணி.
கடனுக்கு வாங்கிய வலையை அந்தியில் விட்டுவிட்டு
கரையில் உட்கார்ந்திருக்கிறான்.
மேற்கே ஒரு வெளிச்சம்.
இரண்டு. பத்து.
பிறகு ஓர் ஊரே எழுந்து தண்ணீர்மேல் வருவதுபோல.
"வந்திட்டாங்கள்" என்கிறான் மனைவியிடம்.
அவ்வளவுதான் வசனம்.
விடிந்தபோது இரண்டு மிதப்பு மிச்சம்.

டைரக்டரிடம் எனக்கொரு குறை.
கேமரா கரையைவிட்டு இறங்கவேயில்லை.
கொஞ்சம் கிட்டே வந்திருந்தால்
வரக்காப்பி போடும் ரெமிஜியஸ்,
டீசல் கணக்கு, முதலாளியின் போன்,
கண்ணெரிய ஸ்டியரிங் பிடித்திருக்கும் ஒருத்தன்,
எல்லாம் தெரிந்திருக்கும்.
தெரிந்தாலும் அந்த ஆளுக்கு வலை கிடைத்திருக்காது,
அது வேறு.

எது எங்கள் படகென்று
நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
இடமிருந்து நாலாவது, கொஞ்சம் மஞ்சளாக.
போன வருஷம் மாற்றிய பல்பு
அப்படித்தான் எரியும்.

செலஸ்டினா இதை மட்டும் முழுசாகப் பார்த்தாள்.
நண்டு உரித்த கையை ஒருமுறை முகர்ந்துவிட்டுச் சொன்னாள்:
"காலையில வலை பார்க்கப் போறப்ப
அந்தப் பொம்பளைதான் முந்தி நடந்தா, கவனிச்சீகளா?"
கவனிக்கவில்லை.
பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.
ஆமாம். செருப்பில்லாமல்.

தடை முடிய இன்னும் ஒன்பது நாள்.
துருக்கிப் படம் ஒன்று பாக்கி.
சண்டை இருக்கும் என்கிறான் ரெமிஜியஸ்.