இரண்டு அங்குலம்

மேல்தட்டு மொட்டையாய் இருந்தவரை
வடிவான படகு,
அளம்பில் மணலில் நாலு டயர் மேல்.
கூரை வைத்ததும்
முள்ளியவளை பஸ்.

கிளாறன்ஸ் றெஜிபோமில் ஒரு கூரை வெட்டி
இரண்டு அங்குலம் இறக்கிப் பிடித்தான்,
தூணைப் பின்னால் சரித்து.
நின்ற இடத்திலேயே ஓடியது அது.

"சுக்கான் பிடிக்கிறவர் ஆறடி."
காசு போட்ட தர்மினி என்னைக் காட்டினாள்.
"கூரை வெயிலுக்கோ, வடிவுக்கோ?"

திரும்பவும் உயர்த்தினான், கதைக்காமல்.
இரவு தனியே வந்து
தூண்களுக்கு மட்டும் கறுப்படித்தான்.

இறக்கிய அன்று
நாயாற்றுப் பாலத்தில் பஸ்கள் மெதுவாகின.
தாங்க ஒன்றுமில்லாமல்
ஒரு வெள்ளைக் கோடு
தண்ணீருக்கு மேலே போகிறதாம்.

கோட்டுக்குக் கீழே நான்.
தலை தட்டவில்லை.
என்றாலும் பாலம் தாண்டும்வரை
கொஞ்சம் குனிந்தே நின்றேன்.