தேதி இல்லாத கையுறை

கிளாக்ஸ்விக்கில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
குடை விற்று யாரும் பிழைத்ததில்லை.
துறைமுகச் செய்தித்தாளின் இணையப் பக்கத்தில்
சுன்வா அன்றைய பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறாள்:
காட் மீன் விலை.
சுரங்கப்பாதை இரவில் மூடியிருக்கும்.
பாடற்குழுவுக்குக் கட்டைக்குரல் தேவை, அணுக: டும்மாஸ்.
ஆறாம் படகுக்கொட்டகைக்கு வண்ணம் ஈரம், சாயாதீர்கள்.

கண்ணுக்கு இது போதும்.
தடித்தது தலைப்பு, சாம்பலில் சிறுத்தது தேதி,
கடைசியில் சாய்ந்தது எழுதியவர் பெயர்.
முதல் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.
இயந்திரத்துக்குத் தெரியாது.
அதற்குத் தடிப்பு தடிப்புதான்,
சாம்பல் வெறும் சாம்பல்.

ஆகவே ஒவ்வொன்றின் காதிலும்
பெயர் சொல்கிறாள்.
நீ பதிவு. நீ தலைப்பு. நீ வெளியான நாள்.
நீ திருத்திய நாள்; இரண்டும் ஒன்றல்ல, குழம்பாதே.
நீ என்றும் மாறாத முகவரி.
எல்லோரையும் மடியில் வைத்திருக்கும் நீ, ஓடை.
தனிக்கோப்பு இல்லை, நகல் இல்லை.
படிக்கிற பக்கமே பாயவும் செய்யும்.
பாற்குடம் என்றால் பாலை உடைய குடம் என்று
நாம் விரித்துக்கொள்வதில்லையா,
அப்படித் தொக்கி நின்றன அந்தப் பெயர்கள்.

பேரண்ட்ஸ் கடலில் இறால் இழுக்கும் கப்பலில்
சமையல்காரன் ஹானுஸ்.
இணையம் அங்கே குங்குமப்பூ விலை,
கிள்ளித்தான் போடவேண்டும்.
கரையில் மச்சான் வீட்டுக் கணினியில் ஒரு சிறு நிரல்
பெயருள்ளவற்றை மட்டும் பொறுக்கி
ஆறு மணிக்கொருமுறை அனுப்பும்.

ஒரே தொல்லை அந்தக் கையுறை.
"தொலைந்தது: இடக்கை, நீலம், மீன்சந்தை அருகே."
யாரோ தேதி போடவில்லை.
தேதி இல்லாததை நிரல் இன்றையது என்று கொள்ளும்.
ஒரு நாளைக்கு நான்கு முறை
புத்தம் புதிதாய்த் தொலைந்தது கையுறை.
"ஊரில் என்ன சேதி?" என்று வலைக்காரர்கள் கேட்பார்கள்.
"இன்னும் கிடைக்கவில்லை" என்பான் ஹானுஸ்.

மார்ச்சில் கோபன்ஹேகனிலிருந்து விகோ வந்தான்,
பக்கத்துக்குப் புதுத்தோல் போர்த்த.
நல்ல பையன், வேலை சுத்தம்.
"இவற்றுக்கு நிறமில்லை, அளவில்லை,
எதற்கு இருக்கின்றன?"
என்று பெயர்களைக் கூட்டிப் பெருக்கித் தள்ளினான்.
பக்கம் அழகாயிற்று.
கரையில் எல்லோரும் பாராட்டினார்கள்.
சுன்வாவும்தான்.

கப்பலில் கையுறை தொலைவது நின்றுபோனது.
நான்காம் நாள், "கிடைத்துவிட்டது போல" என்று சிரித்தார்கள்.
பத்தாம் நாள் யாரும் கேட்கவில்லை.
பத்தொன்பதாம் நாள் கப்பலிலிருந்து தொலைபேசி:
"ஒன்றுமில்லை சுன்வா,
ஊர் அங்கேயே இருக்கிறதா என்று..."

பேசிக்கொண்டே மூலத்தைத் திறந்தாள்.
பெட்டிக்குள் பெட்டி, அதற்குள்ளும் பெட்டி,
ஒன்றுக்கும் பெயரில்லை.
இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து
திரும்பப் பெயரிட்டாள்.
கையுறையிடம் வந்ததும் விரல் நின்றது.
தேதி தெரியும், ஜனவரி ஒன்பது.
அதன் வலக்கை ஜோடி அவள் இழுப்பறையில்தான் கிடக்கிறது.
காலியாகவே விட்டுவிட்டாள்.

காலையில் ஹானுஸின் திரையில்
பத்தொன்பது நாளும் ஒரே மூச்சில் இறங்கின.
ஓடையில் புதியது மேலே, பழையது கீழே.
ஆகவே முதலில் படித்தது,
துக்கத்தில் பங்குகொண்டோர்க்கு நன்றி.
யார் துக்கம்?
கீழே இறங்கினான்: அடக்கம், சனிக்கிழமை, பெரிய தேவாலயம்.
இன்னும் கீழே: டும்மாஸ், வயது அறுபத்தெட்டு.
நடுவில் காட் விலை ஏறியிருந்தது, சுரங்கம் திறந்திருந்தது.
அடியோடு அடியில், உயிரோடு, தன் பெயரிட்டு,
கட்டைக்குரல் கேட்டுக்கொண்டிருந்தார் டும்மாஸ்.
இந்த முறை கரையிறங்கினால் சேர்ந்துவிடுவது என்று
ஹானுஸ் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான்.

அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது.
"என்ன சேதி?" என்று கதவிடுக்கில் ஒரு தலை.
திரையை மேலே உருட்டினான்,
நன்றிக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் மேலே,
இன்றைய தேதியில் இருந்ததை
வாய்விட்டுப் படித்தான்:
"இடக்கை. நீலம்."